வியாழக்கிழமை முறை

அன்புள்ள இளங்கோவுக்கு,

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பிரிவில் உதவிப் பொறியாளராகப் பணியாற்றும் வை. நடராசன் ஆகிய நான், ஐம்பது வயது நிறைந்து, நல்ல நினைவோடு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். தொடக்கமே உயில் மாதிரி இருக்கிறது என்று உன் அம்மா பின்னால் நின்று படித்துவிட்டுச் சிரிக்கிறாள். இருக்கட்டும்; எனக்குத் தெரிந்த நடை இதுதான். நோக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை நீ பொள்ளாச்சிக்குப் பேருந்து ஏறிவிட்டாய். கயிறு ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு நீயும் கவிதாவும் குடியிருக்க ஒரு வீடும் பார்த்து முடித்து நீ திரும்பி வரப் பத்து நாள் ஆகும். இன்று புதன்கிழமை. நாளைக்குள் என் பதில் உன்னை அடைய வேண்டும் என்பதால், இதை உன் அம்மா படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அசல் தபாலில் வரும்.

ஞாயிறன்று நடந்ததைச் சரியாக எழுதிக்கொள்கிறேன். விவசாயிகள் சங்கக் கட்டடத்தில் குடியை விட்டவர்களின் வாராந்திரக் கூட்டம் முடிந்து, நாம் இருவரும் வாய்க்கால் கரையில் நடந்து வந்தோம். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் உன் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த தங்கராசுவை நீ இரண்டு மாதங்களுக்கு முன் இங்கே அழைத்து வந்தாய். மருத்துவமனையில் சேர்த்தாய், பிறகு நீ தங்கியிருந்த அதே மோட்டார் கொட்டகையில் அவரைத் தங்கவைத்தாய். வியாழக்கிழமை மாலைகளில் அவருக்குத் துணையாக உட்காருவது உன் முறை. நாற்பது நாள் குடிக்காமல் இருந்தவர் போன வெள்ளிக்கிழமை மறுபடி குடித்துவிட்டார். நீ அதை மறைக்காமல் என்னிடம் சொன்னாய். சொல்லிவிட்டு, "அப்பா, நான் போனதுக்கப்புறம் தங்கராசு அண்ணனோட வியாழக்கிழமைய நீங்க எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டாய். நான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் நீ, "பரவால்லப்பா" என்றாய். அந்த ஒரு சொல்லை நான் மூன்று நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். நான் பேசாமல் வந்ததற்குக் காரணம் மறுப்பில்லை. அந்த வேலைக்கு எனக்குத் தகுதி உண்டா என்ற ஐயம்தான். அதை விளக்க, உனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

உனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், வேலை போய், திருப்பூரிலிருந்து நீ வீடு திரும்பியபோது, உன் குடியை நான் ஒரு நிர்வாகச் சிக்கலாகவே பார்த்தேன். கணினியில் ஒரு தாள் தயாரித்தேன். பதினோரு நிபந்தனைகள். மாலை ஆறு மணிக்குள் வீடு வந்துவிட வேண்டும் என்பது நான்காவது. ஏதேனும் ஒன்றை மீறினால் வீட்டில் தங்க உரிமை இல்லை, தொண்ணூறு நாள் குடிக்காமல் இருந்தபின் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்பது பதினோராவது. மகன் தன் வீட்டுக்கு விண்ணப்பிப்பதா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நீ கையெழுத்துப் போட்டாய். சாட்சியாக உன் அம்மாவையும் கையெழுத்துப் போடவைத்தேன். ஒன்பதாம் நாள் மாலை ஆறு நாற்பதுக்கு நீ வந்து நின்றாய். வாடை வந்தது. வெளிக்கதவு பூட்டியிருந்தது. நான் சன்னலுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கதவைத் தட்டவில்லை. என்னையோ அம்மாவையோ கூப்பிடவில்லை. பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாய். அந்த நேரம் எனக்குள் என்ன இருந்தது என்பதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒரு நிம்மதி இருந்தது. எழுதியபடி நடந்துகொண்டேன் என்ற நிம்மதி. அதைவிட வெட்கப்பட வேண்டிய ஒன்றை என் வாழ்க்கையில் நான் செய்ததாக நினைவில்லை.

பிறகு ஏழு மாதங்கள். உன்னைத் தேடினேன் என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். அம்மா அப்படித்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அவள் தேடினாள். நான் தேடவில்லை. தொண்ணூறு நாள் கழித்து நீயே வருவாய் என்று காத்திருந்தேன். ஒருமுறை அலுவலக வேலையாகக் கும்பகோணம் போனபோது, பேருந்து நிலையத்தின் ஓரத்தில் முகத்தை மூடிப் படுத்திருந்த ஒருவரைக் கண்டேன். கால்கள் உன்னுடையவை போல இருந்தன. அருகில் போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. நீயாக இருந்தாலும் பயம், நீயாக இல்லாவிட்டாலும் பயம். தஞ்சாவூர்ப் பேருந்து புறப்படப்போகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லி ஏறிவிட்டேன். அது நீதானா என்று உன்னிடம் கேட்க இன்றுவரை வாய் வரவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

உன் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர் சின்னையன். என் பிரிவில் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர். நான் உத்தரவு போடுகிற ஆள். அவர் குடியை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது என்பதும், ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் அவர் கூட்டம் நடத்துகிறார் என்பதும் எனக்குத் தெரியும். அலுவலக நேரத்துக்கு வெளியே நடப்பது என்பதால் அதைப் பற்றி விசாரித்ததில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வாங்கக் கும்பகோணம் போனவர் உன்னைப் பார்த்திருக்கிறார். இரண்டு காப்பி வாங்கி வந்து, ஒன்றை உன் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் குடித்தார் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். அதற்குப்பின் நான்கு முறை போனார். ஐந்தாம் முறை நீ அவரோடு கிளம்பினாய். மருத்துவமனையில் இருபது நாள். பிறகு பஷீர் பாய் தோப்பில் மோட்டார் கொட்டகை. நம் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். ஊரில் எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று பின்னாளில் கேட்டேன். "சொன்னா நீங்க அந்தப் பேப்பர எடுப்பீங்க சார்" என்றார். நான் எடுத்திருப்பேன்.

இனி உனக்குத் தெரியாதது. அந்த வருடம் ஆனி மாதம், கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்கு முன் மதகுகளைப் பார்வையிடப் போனேன். சின்னையனின் மதகுக் கொட்டகைக் கதவின் உட்புறத்தில், நம் அலுவலகத்தில் அச்சடித்த முறை அட்டவணை ஒன்று ஒட்டியிருந்தது. தண்ணீர் குறைவான காலத்தில் எந்த வயலுக்கு எந்தக் கிழமை, எந்த நேரம், யார் மடை திறப்பது என்று எழுதும் படிவம். வாழ்நாளெல்லாம் நான் நிரப்பி வந்த படிவம். ஆனால் அப்போது முறை வைக்கும் காலமே இல்லை. நேரம் என்ற இடத்தில் எல்லா நாளும் மாலை ஆறு முதல் எட்டரை. வயல் என்ற இடத்தில் ஏழு வரிசையிலும் 'தம்பி' என்று எழுதியிருந்தது.

"தம்பின்னு நம்ம பிரிவுல வயல் எதுவும் இல்லையே" என்றேன்.

"இருக்கு சார். கடைசி வயல்" என்றார் சின்னையன். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

மாலை ஆறு முதல் எட்டரை வரைதான் குடிப்பவனுக்குக் கண்டம் என்றும், அந்த நேரத்தைத் தனியாகக் கடக்கவிடக் கூடாது என்றும், அதனால்தான் ஆள் ஆளுக்கு முறை வைத்திருப்பதாகவும் விளக்கினார். திங்கள், சனி: சின்னையன். செவ்வாய்: பஷீர் பாய். புதன்: இட்லிக்கடை ராஜாத்தி. வெள்ளி: அந்தப் பெயரை இரண்டு முறை படித்தேன். உன் அம்மா. வெள்ளிக்கிழமைதோறும் கோயில் என்று சொல்லிவிட்டுப் போன உன் அம்மா. ஞாயிறு: கூட்டம். வியாழக்கிழமைக்கு எதிரே நேரம் மட்டும் எழுதி, ஆள் பெயர் இல்லாமல் விட்டிருந்தது.

"எம் பேரு ஏன் இல்ல?" என்று கேட்டேன். அதிகாரியின் குரலில்தான் கேட்டேன். எனக்கு வேறு குரல் அப்போது இல்லை.

"முறை கேட்டவங்களுக்குத்தான சார் குடுக்கிறோம். நீங்க கேக்கல."

"வியாழக்கிழமை காலியா கெடக்கே?"

"அது உங்களுக்குன்னு விட்டு வச்சது சார். நீங்க கேக்குற வரைக்கும் நான்தான் பாத்துக்கிறேன்."

இளங்கோ, அந்த ஒன்பது மாதங்களை நீ தற்செயல்களின் தொடர் என்று நினைத்திருக்கிறாய். தங்கராசுவுக்கு முறை வைத்தபோதும், உனக்கும் அப்படி ஒன்று இருந்ததை நாங்கள் யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன் உண்மை உனக்குத் தெரியட்டும். ராஜாத்தி அத்தையின் கிரைண்டர் புதன்கிழமை தவறாமல் கெட்டுப்போனது என்கிறாயே, அந்த பெல்ட்டை மாலை ஐந்தரைக்கு அவர்களே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, உனக்கு ஆள் அனுப்புவார்கள். ஒரு புதன் நீ வருவதற்குள் வேறொருவர் ஆர்வத்தோடு வந்து மாட்டிக் கொடுத்துவிட, அவரைத் திட்டி விரட்டிவிட்டு மறுபடி கழற்றினார்களாம். பஷீர் பாய்க்கு ஆடுபுலி ஆட்டத்தில் உன்னை வெல்ல முடியவே இல்லை என்பதும் பொய். தோற்றுத் தோற்றுத்தான் "இன்னொரு ஆட்டம் போடுவோம் தம்பி" என்று உன்னை எட்டரை வரை உட்காரவைத்தார். திங்கள்தோறும் நீயும் சின்னையனும் மதகுத் திருகுக்குக் கிரீஸ் போட்டீர்கள் அல்லவா? மதகுக்கு மாதம் ஒருமுறை போதும். அந்த ஆண்டு கிரீஸ் அளவுக்கு மேல் செலவானதைக் கண்டு, விளக்கம் கேட்டு நான் சின்னையனுக்கு ஒரு குறிப்பாணை அனுப்பியிருந்தேன். "துரு அதிகம்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை என்று கோப்பில் குறித்தும் வைத்தேன். இன்று அதைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நான் வியாழக்கிழமையைக் கேட்டேன். சின்னையன் மூன்று விதிகள் போட்டார்: கேள்வி கேட்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. விதிகள் இருந்ததில் எனக்கு ஓர் ஆறுதல். முதல் வியாழன் உனக்கு நினைவிருக்கும். கொட்டகை வாசலில், தரையில் நட்ட கூரிய இரும்பில் நீ தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாய், அலுவலகத்தில் ஆட்கள் எழுந்து நிற்பதுபோல. அது எனக்கு வலித்தது. பேச எதுவும் அனுமதி இல்லாததால், நானும் ஒரு தேங்காயை எடுத்தேன். பொறியியல் படித்தவன், நெம்புகோல் தத்துவம் தெரிந்தவன். தேங்காய் கையிலிருந்து துள்ளி, பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. இரண்டாவதும் அதே தொட்டியில் விழுந்தது. நீ சிரிப்பை அடக்கப் பார்த்தாய். மூன்றாவது விழுந்தபோது அடக்க முடியாமல், "அப்பா, தொட்டிய ஒங்க பிரிவுல சேத்துக்கலாம்" என்றாய். உன் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. அன்று இருட்டும்வரை நான் உரித்தது நான்கு. நீ உரித்த குவியல் என் இடுப்பளவு. மணி பார்க்காமல் நான் கழித்த முதல் மாலை அது. நானாகத் தோன்றி வந்தேன் என்று நீ நினைத்தாய். என் முறை என்பதால் வந்தேன். இரண்டாவது வாரத்திலிருந்து, முறை என்பதால் மட்டும் வரவில்லை.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை நீ குடித்ததைப் பற்றி நாம் இருவரும் பேசியதில்லை. எனக்குத் தகவல் வந்ததும், வியாழனுக்குள் மூன்று அம்சங்களாகப் பேச வேண்டியதைத் தயாரித்துக்கொண்டேன். பழைய தாளும் சட்டைப் பையில் இருந்தது. தோப்புக்குப் போகும் வழியில் சின்னையன் என்னைத் தடுத்து நிறுத்தினார். நம் கடைமடை வாய்க்கால்களில் ஒருவர் முறையின்போது கரை உடைத்துக்கொண்டால் அந்த முறையை ரத்து செய்ய வேண்டும் என்பது நான் படித்த விதி. ஊரார் அப்படிச் செய்வதில்லை. எல்லாரும் மண்ணும் வைக்கோலும் கொண்டுவந்து உடைப்பை அடைத்துவிட்டு, அந்த வயலுக்கு மீதி நேரத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதை விதிமீறல் என்று நான் எத்தனையோ முறை அறிக்கை எழுதியிருக்கிறேன். சின்னையன் அதைத்தான் நினைவூட்டினார்: "இன்னிக்கு அடைப்பு வேலை சார். பேசுற வேலை இல்ல." முந்தைய நாள் ராஜாத்தி வழக்கம்போல பெல்ட்டைக் கழற்றிவைத்து உன்னைக் கூப்பிட்டிருந்தார். செவ்வாயன்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் தாளை எடுக்கவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் உரித்தேன். அன்று ஆறு உரித்தேன் என்பதை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அந்தக் கார்த்திகைக்குப் பிறகு நீ தொடவில்லை. பங்குனியில் சின்னையன் அட்டவணையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டார். ஆனால் செவ்வாய்தோறும் பஷீர் பாய் ஆடுபுலிப் பலகையோடு வந்துகொண்டேதான் இருந்தார். இப்போது உண்மையாகவே உன்னிடம் தோற்கிறார். அதில் அவருக்கு மனக்குறை. ராஜாத்தியின் கிரைண்டர் அடிக்கடி கழற்றியதில் நிஜமாகவே பழுதாகி, உன் கல்யாணப் பலகாரத்துக்கு மாவரைக்க வெளியே கொடுக்க வேண்டியிருக்கிறது. "எல்லாம் ஒங்க புள்ளையால வந்தது அண்ணே" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமையோடு குறைப்படுகிறார்.

கவிதாவைப் பற்றி ஒரு செய்தி. பெண் பார்த்த மறுவாரம் நீ அவளிடம் பேருந்து நிலையத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாய். ஞாயிறு கூட்டத்துக்கும் கூட்டிவந்தாய். நீ வெளியே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது, சின்னையன் அவளுக்கு அந்தப் பழைய அட்டவணையின் கதையைச் சொன்னார். நாங்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். உன் அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். கவிதா, "அப்ப எனக்கு எந்தக் கிழமை?" என்று கேட்டாள். ராஜாத்திதான் முதலில் சிரித்தார். பிறகு அழுதார். கல்யாணம் ஆகும் மகனுக்குத் தகப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். கடிதத்தில் சொல்லலாமா என்று சின்னையனிடம் அனுமதி கேட்டேன். "ஒண்ணே ஒண்ணு சொல்லிக்குங்க சார்" என்றார். ஆகவே ஒன்றே ஒன்று: உன் வீட்டில் யாரிடமும் எதற்கும் கையெழுத்து வாங்காதே. பொள்ளாச்சியிலும் மாலை ஆறு மணி வரும். வந்தால், எங்களில் யாரையாவது கூப்பிடு. நீ கேட்பதற்கு முன்பே முறை எடுத்துக்கொள்வோம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். தங்கராசு குடித்துவிட்டார் என்று நீ சொன்ன அந்த நொடியில், என் மனம் என்னைக் கேட்காமலே பழைய தாளைத் தேடிப் போனது. எத்தனையாவது நிபந்தனை என்றுகூட யோசித்துவிட்டேன். மூன்று ஆண்டு ஆகியும் அந்த ஆள் எனக்குள் உட்கார்ந்திருக்கிறான் என்று கண்டு திகைத்துத்தான் வாய் திறக்காமல் நடந்தேன். ஆனால் நேற்று ஒன்று செய்தேன். கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து, அதன் பின்பக்கத்தில் கோடு போட்டு, தங்கராசுவுக்கான அட்டவணையைப் புதிதாக எழுதினேன். வியாழனுக்கு எதிரே பெயர் எழுதாமல் விட்டேன். சின்னையன் அதை மதகுக் கொட்டகைச் சுவரில் பசை தடவி ஒட்டினார். பதினோரு நிபந்தனைகளும் சுவரோடு ஒட்டிக்கொண்டன. இனி யாரும் படிக்க முடியாது. "என் கையெழுத்தும் செவுத்துக்குள்ள போயி ஒழியட்டும்" என்றாள் உன் அம்மா. இந்த மூன்று ஆண்டுகளில் அந்தச் சாட்சிக் கையெழுத்தைப் பற்றி அவள் பேசியது அது ஒன்றுதான்.

இன்று காலை மோட்டார் கொட்டகைக்குப் போய், கேட்க வேண்டியவரிடமே கேட்டேன். தங்கராசு கயிற்றுக் கட்டிலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வெட்கம் அதிகம் இருந்தது. வியாழக்கிழமை மாலைகளை எனக்குத் தர முடியுமா என்று கேட்டேன். உன் அப்பா என்று தெரிந்ததால் பயந்துபோய் எழுந்து நிற்கப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஆடுபுலி ஆட்டம் தெரியுமா சார்?"

தெரியாது என்றேன்.

"அப்ப நான்தான் ஜெயிப்பேன். வாங்க."

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: எடுத்துக்கொள்கிறேன். நாளை மாலை ஐந்தரை மணிக்குக் கைக்கடிகாரத்தைக் கழற்றி உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பஷீர் பாயிடம் பலகையை வாங்கிக்கொண்டு, தோப்புக்குப் போவேன். தங்கராசு குடித்திருந்தாலும் குடிக்காமல் இருந்தாலும் அவர் பக்கத்தில் உட்காருவேன். அடுத்த வியாழனும் போவேன். உன் கல்யாணத்துக்கு மறுநாளும் வியாழன்தான், அன்றும் போவேன். எத்தனை மணிக்கு வீடு திரும்புவேன் என்பதை, கையில் கடிகாரம் இருக்காது என்பதால், இப்போது எழுத்தில் தர இயலவில்லை.

அன்புடன்,
உன் அப்பா